பூங்காவை ஒட்டி ஓர் அறை

சிங்கப்பூரில் உறவினர் ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் தெரு நம் கடற்கரை ஊர்களில் இல்லை எனலாம். முன்பு பிழைப்பை நாடிக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இன்றோ பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக விமானம் ஏறுகிறார்கள். அவ்வாறு செல்லும் பிள்ளைகள் ஊரில் இருக்கும்போதே பெயர் சொல்லிக் கேட்கும் இடம் ஒன்றுண்டு. அதுதான் செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா. அங்கே செல்வதென்று முடிவாகிவிட்டால் பெரியவர்களுக்கு அடுத்த கேள்வி எழுகிறது. பூங்காவை ஒட்டியே கட்டப்பட்டிருக்கும் விடுதியில் அறை எடுத்துத் தங்குவதா, அல்லது உறவினர் வீட்டிலிருந்து காலையில் சென்று இரவில் திரும்புவதா?

மதரஸாவில் பாடம் நடத்துபவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். பயணம் என்று வந்துவிட்டால் தொழுகை நேரம், உணவு, வீண் விரயம், உறவினர் உரிமை ஆகிய எல்லாமே வந்துவிடுகின்றன. அதனால்தான் பயணத்துக்கு முன்னும் பின்னும் இதுபற்றி என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இத்தகைய விடுதிகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வால்ட் டிஸ்னி தம் முதற் பூங்காவைத் திறந்தபோது அவரிடம் விடுதி கட்டும் அளவுக்குப் பணமில்லை. அதே ஆண்டில் ஜாக் ராதர் என்ற செல்வர்தாம் அருகில் விடுதி கட்டினார். பிறகு பூங்காவைச் சுற்றி யார் யாரோ விடுதிகளையும் கடைகளையும் எழுப்பினார்கள். பூங்காவுக்கு வந்த கூட்டத்தால் கிடைத்த வருவாயில் பெரும்பங்கு வேலிக்கு வெளியே இருந்தவர்களின் கைக்குப் போயிற்று. இதைக் கண்ட டிஸ்னி நிறுவனத்தார் ஃபுளோரிடாவில் அடுத்த பூங்காவுக்கு இடம் தேடியபோது 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வாங்கிப்போட்டார்கள். 1971இல் அது திறக்கப்பட்ட நாளிலேயே உள்ளே அவர்களது விடுதிகளும் இருந்தன. விருந்தினர் வேலியைத் தாண்டி வெளியே போகாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் அறை எடுப்பவர், அது யாருடைய வசதிக்காகக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், "கட்டாயம் பூங்கா விடுதியிலேயே தங்குங்கள்" என்று தொலைபேசியில் அறிவுரை கூறுவதுண்டு. அவர்கள் நாட்டுக்கு அது பொருந்தக்கூடும். ஆர்லாண்டோ நகரிலுள்ள யூனிவர்சல் பூங்காக்களைச் சார்ந்த விடுதிகளுள் விலை மிகுந்த வகையைச் சேர்ந்த மூன்றில் தங்குவோருக்கு, பழைய இரு பூங்காக்களிலும் வரிசையில் காத்திராமல் செல்லும் விரைவு அனுமதி வாடகையோடு சேர்ந்தே கிடைக்கிறது. தனியாக வாங்கினால் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே பெருந்தொகையாகிவிடும் என்பதால் அறை ஏறக்குறைய இலவசம் போலத் தோன்றும். 2025இல் திறக்கப்பட்ட மூன்றாம் பூங்காவுக்கு அந்தச் சலுகை இல்லை என்பது வேறு. மேலும் அங்கே பூங்காக்கள் பல. நாள்கணக்கில் தங்கிப் பார்க்கிறார்கள். மலேசியாவின் கெந்திங் மலையிலும் நிலைமை வேறு. கோலாலம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் மலையேறிச் செல்ல வேண்டும். பனிமூட்டம் சூழ்ந்த அவ்வுச்சியில் 7,351 அறைகள் கொண்ட விடுதியொன்று உலகிலேயே அறைகள் மிகுந்த விடுதி என்று பெயர் பெற்றிருக்கிறது. மாலையில் இறங்கி மறுநாள் மீண்டும் ஏறுவது முதியோருக்கு இயலாது. ஆகவே தங்குவதில் பொருளிருக்கிறது.

சிங்கப்பூர் அப்படியன்று. யூனிவர்சல் ஸ்டூடியோஸின் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர். ஒரே நாளில் பெரும்பாலும் பார்த்துவிடலாம். 2025இல் மினியன் லேண்ட் என்ற புதிய பகுதி சேர்ந்த பின்னும் என் மதிப்பீடு அதுவே. நகரமோ சிறியது. என் லாத்தா வீடு பிடோக்கில், வீவக அடுக்குமாடியில் இருக்கிறது. அங்கே ரயிலேறி ஊட்ரம் பார்க்கில் மாறினால் அடுத்த நிலையமே ஹார்பர்ஃப்ரண்ட். அங்குள்ள விவோசிட்டி கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் செந்தோசா ரயில் புறப்படுகிறது; ஒரே நிறுத்தத்தில் பூங்காவின் அருகே இறங்கிவிடலாம். நடக்க முடிந்தவர்கள் கடலின்மேல் அமைந்த நடைபாதை வழியாகவும் செல்லலாம். அது ஒரு கிலோமீட்டர்கூட இராது. ஆக, வீட்டு வாசலிலிருந்து பூங்கா வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகலாம். அவ்வளவுதான் தொலைவு.

இனிச் செலவு. நாங்கள் சென்றபோது ஓர் இரவுக்கு 400 வெள்ளி என்று வாடகை சொன்னார்கள். சிங்கப்பூர் விடுதிகளில் சொல்லும் வாடகை ஒன்று, கொடுக்கும் பணம் வேறொன்று. முதலில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம். பிறகு அந்தக் கூட்டுத்தொகையின்மேல் நூற்றுக்கு ஒன்பது பொருள் சேவை வரி. 400 என்பது 480 ஆகிவிடுகிறது. நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பூங்காவின் அனுமதிச் சீட்டு இதில் அடங்காது. வரிசையைத் தவிர்க்கும் விரைவுச் சீட்டும் தனிவிலைதான். அறையோடு சேர்த்துத் தரும் சலுகைகள் சில காலங்களில் வருகின்றன, போகின்றன. எங்கள் பயணத்தில் செலவை ஏற்றவர் மச்சான். எம் போன்றோரின் ஊதியத்துக்கு அது எட்டாத தொகை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காலை பத்து மணிக்குப் பூங்காவுக்குள் நுழைந்து மாலை ஏழு மணியளவில் அது மூடும்வரை அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு இந்த 480 வெள்ளி தருவதென்ன? ஒரு கட்டில், ஒரு குளியலறை, சன்னலுக்கு வெளியே ஒரு காட்சி. இவற்றில் முதலிரண்டும் லாத்தா வீட்டிலேயே இருக்கின்றன. மூன்றாவதைப் பார்க்க நேரமிருப்பதில்லை. ஆகவே நடக்க வலுவுள்ள பெரியவர்களும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் மட்டுமே செல்வதாயின், அறை வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் எங்களோடு உம்மா வந்திருந்தார்கள். வயது எழுபத்துநான்கு. சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. பேரப்பிள்ளைகள் பார்ப்பதைத் தாமும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அவர்களை வைத்துப் பார்த்தபோதுதான் அறையின் பயன் இரவில் இல்லை, நண்பகலில் இருக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது.

தொழுகையையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் லுஹர் நேரம் ஒரு மணியை ஒட்டியும், அஸர் நாலேகால், நாலரை அளவிலும், மஃரிப் ஏழு மணியை ஒட்டியும் வருகின்றன. அதாவது லுஹரும் அஸரும் பூங்காவின் நடுநேரத்திலேயே விழுகின்றன. பயணிதானே, சேர்த்துத் தொழலாமே என்று சிலர் எண்ணுவர். நாங்கள் ஷாஃபிஈகள். வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. நாங்களோ பன்னிரண்டு நாட்களுக்காகச் சென்றிருந்தோம். ஹனஃபி சகோதரர்களுக்குப் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குவதாயின் சுருக்கித் தொழ இடமுண்டு. எனினும் இரு தொழுகைகளைச் சேர்க்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவரவர் நேரத்தில் தொழுதாக வேண்டும். ஹார்பர்ஃப்ரண்ட் பக்கம் தெலுக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் தாயெங் இப்ராஹீம் பள்ளிவாசல் இருக்கிறது. ஆண்கள் அங்கே சென்று திரும்பலாம். வெயிலில் ஒரு முதிய பெண்மணியை அவ்வாறு இருமுறை அழைத்துச் சென்று வருவது நடவாத காரியம்.

இதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒன்று உண்மையில் பெரியது. அது வுளூ. பொதுக் கழிவறையின் கைகழுவும் தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மூட்டு மடங்காத எழுபத்துநான்கு வயதுப் பெண் அதில் எப்படிக் கால் கழுவுவார்? தரையெல்லாம் ஈரமாகும், பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், வழுக்கி விழுந்தால் பயணமே முடிந்தது. நம் வீட்டு மூதாட்டிகள் பலர் வெளியிடங்களில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவதற்கு இத்தகைய அச்சமே காரணம். சர்க்கரை நோயாளிக்கு அது எவ்வளவு தீங்கு! அறையில் நாற்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப்போட்டு உட்கார்ந்தபடியே உம்மா வுளூ செய்தார்கள். கிப்லாவும் நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருப்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை.

வானிலையும் நண்பகலின் பக்கமே பேசுகிறது. சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வருவது வழக்கம். மின்னல் எச்சரிக்கை வந்தவுடன் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். சீட்டு வாங்கியவர்கள் கடைகளுக்குள் ஒதுங்கி நிற்க, அருகில் அறை வைத்திருப்பவர்கள் படுத்து எழுந்து வந்துவிடலாம்.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய கணக்கொன்று இருக்கிறது. மச்சான் முதலில் ஓர் இரவுக்கு மட்டும் அறை பதிய எண்ணியிருந்தார். பணம் கட்டுமுன் நேரங்களைக் கேட்டோம். பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் அறை தருவார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். பெரிய விடுதிகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. மூன்று மணி முதல் பதினொரு மணி வரை! அதாவது ஓர் இரவு வாடகையில் நண்பகலே இல்லை. முதல் நாள் நண்பகல் அறை கிடைக்குமுன் கழிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் நண்பகல் அறையை ஒப்படைத்தபின் வருகிறது. ஒரு முழு நண்பகல் வேண்டுமானால் இரண்டு இரவுக்கு வாடகை கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது 960 வெள்ளி. ஓர் இரவு மட்டும் தங்கி வந்தவர்கள், "பணம் போனதுதான் மிச்சம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. முன்கூட்டியே அறை தர முடியுமா, தாமதமாகக் காலி செய்யலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். கூட்டமில்லாத நாட்களில் இசைவு கிடைக்கக்கூடும். நம்பி இருக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வளாகத்தில் சூதாட்டக் கூடம் இருக்கிறது. 2005இல் சிங்கப்பூர் அரசு சூதாட்டக் கூடங்களுக்கு இசைவளித்தபோது பல சமயத்தவரும் கவலை தெரிவித்தார்கள். 2010இல் பூங்காவும் விடுதிகளும் சூதாட்டக் கூடமும் ஒரே உல்லாச வளாகமாகத் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் விதித்தார்கள். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை. தேடிப் போகாதவர் கண்ணில் அது படாமலே திரும்பிவிடலாம் என்பது உண்மை. ஆயினும் அறை வாடகை போய்ச் சேரும் பை எது என்ற கேள்வி நிற்கிறது. இதற்காக விடுதி வேண்டாம் என்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பூங்காச் சீட்டின் பணமும் அதே பையில்தான் விழுகிறது. அறையை மட்டும் மறுத்துப் பூங்காவுக்குள் நுழைவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. கலந்த வருவாய் உடையவரிடம் ஆகுமான பொருளை விலைகொடுத்து வாங்குவதற்கு நம் நூல்களில் இடமிருக்கிறது. பேணுதல் என்பது அதற்கும் மேலான படி. நான் முஃப்தி அல்லன். அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. எங்களைப் பொறுத்தவரை இடம் உண்டு என்ற அளவில் சென்றோம். மனம் முழுமையாக ஒப்பியது என்று எழுத மாட்டேன்.

உணவைப் பற்றி ஒரு சொல். காலைச் சிற்றுண்டியைச் சேர்த்து வாடகை பேசுமுன் அந்த உணவகத்துக்கு 'முயிஸ்' ஹலால் சான்று உண்டா என்று கேளுங்கள். பெரிய விடுதி என்பது சான்றாகாது. ஹார்பர்ஃப்ரண்ட் அருகே சியா இம் உணவங்காடியில் ஹலால் கடைகள் நிறைய உண்டு; விலையும் குறைவு.

இனி, இவை எல்லாவற்றையும்விட எங்களைத் தயங்கவைத்தது வேறு. லாத்தாவின் முகம். இரண்டு இரவு என்று முடிவானதும் லாத்தா அடுப்படியிலிருந்து வந்து, "நான் இருக்கும்போது என் உம்மா ஓட்டல்லயா படுக்கணும்?" என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் வரவில்லை. விருந்தினரை உபசரிப்பது ஈமானோடு சேர்ந்த பண்பென்று மதரஸாவில் பாடம் சொல்லும் நான், அந்த வீட்டு விருந்தாளியாக இருந்துகொண்டு என்ன சொல்வேன்? எங்கள் வாப்பா 2020 ஜூனில் மவுத்தானார்கள். விமானங்கள் நின்றுபோயிருந்த காலம். லாத்தாவால் வர இயலவில்லை. மையித்தைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார்கள். பிறகு ஒருமுறை ஊருக்கு வந்ததும் ஒரு திருமணத்தை ஒட்டி, நாலே நாள், வீடு நிறைந்த கூட்டத்தில். உம்மாவைத் தம் வீட்டில் வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு எப்படிப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும்.

மச்சான்தான் வழி சொன்னார்: "நீயும் உம்மாவோடு போய்த் தங்கு. நான் கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்." அப்படியே அடுத்தடுத்து இரண்டு அறை பதிந்தோம். செலவு இரட்டிப்பாயிற்று. கணக்குப் பார்ப்பவர் எவரும் இதைச் சரியென்று சொல்ல மாட்டார்.

பூங்காவுக்குச் சென்ற அன்று காலை உம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிச் சென்றோம். வாடகைக்குத் தருகிறார்கள். அணிவகுப்பு வேடங்களையும் நீர்க்கரையையும் ரசித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வானம் இருண்டது. லாத்தாவும் உம்மாவும் அறைக்குத் திரும்பினார்கள். வெளியேறும்போது கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள், மீண்டும் நுழைவதற்காக. நாங்களும் லுஹருக்கு வந்து தொழுதுவிட்டு, மழை விட்டதும் பிள்ளைகளோடு திரும்பினோம்.

அஸர் தொழ வந்தபோது பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எண்ணினேன். உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். லாத்தா காலருகே உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் கடைசி வாரத்தை உம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த நாளில் கஞ்சி குடித்தார்கள், எந்த நாளில் குடிக்கவில்லை, எந்த இரவில் லாத்தாவின் பெயரைச் சொன்னார்கள் என்று நாள் நாளாக. பிடோக் வீட்டில் ஒன்பது நாட்கள் இருந்தோம். ஒன்பது நாளும் லாத்தா சுபுஹுக்கு எழுந்து, பத்துப் பேருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, மீன் வாங்கப் போய்வந்து, இஷாவுக்குப் பிறகும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த அறையில் அடுப்பில்லை.

நான் தொழுதுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினேன். அவர்கள் இருவரும் அன்று பூங்காவுக்குத் திரும்பவே இல்லை.

ஏழு மணிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபின், கடையை மூடிவிட்டு மச்சான் வந்தார். கையில் சியா இம் அங்காடியிலிருந்து வாங்கிய உணவுப் பொட்டலங்கள். இரண்டு சீட்டு அரைநாளோடு வீணாகிவிட்டது என்று தெரிந்ததும் கணக்குப் போடத் தொடங்கினார், வியாபாரி அல்லவா? லாத்தா அவர் கையிலிருந்த பொட்டலங்களை வாங்கிப் பிரித்து, முதல் முறையாக எங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.